கம்பம் ஏறும் பெண்ணுக்கு மேட்டுச் சாலை போதும்!

ஏற்காடு போனவர்களுக்கு ஒண்டிக்கடை தெரியும். சாலைகள் பிரியும் இடம். டீக்கடையில் எப்போதும் கூட்டம் இருக்கும்.

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ் மேலே வருகிறது. ஊரின் உயரம் சுமார் 1,500 மீட்டர். காற்று குளுகுளு என்று வீசும்.

அங்கே ஒரு நாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள். மகளுக்குப் பதினைந்து வயது இருக்கும். முகம் வாடியிருந்தது.

பேச்சு கொடுத்தேன். அந்தப் பெண் மல்லர் கம்பம் பழகுகிறவள்.

"கை நன்றாக இருக்கிறதாம், ஐயா. கால்தான் வலு போதாதாம். ஜிம்முக்கு அனுப்பச் சொல்கிறார்கள். மாதாமாதம் பணம் கட்ட நாங்கள் எங்கே போவது? நிறுத்திவிடலாமா என்று பார்க்கிறோம்" என்றார் தாய்.

மகள் மெதுவாகச் சொன்னாள்: "ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். ஒரே இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரே வேலை. சலித்துப்போய்விட்டது. இந்தப் பயிற்சியால் தொடை பருத்துவிடும் என்று அத்தை வேறு கேலி செய்கிறார்கள்."

பணம் இல்லை. சலிப்பு. கேலி. இந்த மூன்றும் சேர்ந்து ஒரு நல்ல விளையாட்டு வீராங்கனையை வீட்டில் உட்கார வைத்துவிடும். அது நியாயமா?

நியாயம் இல்லை என்பதே என் கட்சி.

கம்பம் நமக்குப் புதிதா?

கம்பத்தில் ஆடுவது என்றால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சினிமாவில் வரும் மதுக்கடை ஆட்டம்தான் அவர்கள் நினைவுக்கு வருகிறது.

ஆனால் கம்ப விளையாட்டு நம் நாட்டுச் சொத்து. 12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசர் சோமேசுவரர் எழுதிய மானசோல்லாசம் என்ற நூலில் இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. பிறகு மராட்டியத்தில் பேஷ்வாக்கள் காலத்தில் பாலம்பட்ட தாதா தேவ்தர் என்ற ஆசிரியர் இதற்குப் புத்துயிர் கொடுத்தார்.

1936-ல் பெர்லின் ஒலிம்பிக் நடந்தபோது, அமராவதியிலிருந்து சென்ற குழுவினர் அங்கே நம் நாட்டு வீர விளையாட்டுகளைச் செய்து காட்டினார்கள். அவற்றில் மல்லர் கம்பமும் ஒன்று.

2013-ல் மத்தியப் பிரதேசம் இதை மாநில விளையாட்டாக அறிவித்தது. 2019-ல் மும்பையில் உலகப் போட்டி நடந்தது. கேலோ இந்தியா போட்டிகளில் ஆண்களும் பெண்களும் கம்பம் ஏறுகிறார்கள். நம் தமிழ்நாட்டில் விழுப்புரம் இந்த விளையாட்டுக்குப் பேர் பெற்ற ஊர்.

வெளிநாடுகளில் இரும்புக் கம்பத்தில் ஆடுவதையும் இன்று விளையாட்டாக நடத்துகிறார்கள். 2009-ல் அதற்கு உலகச் சம்மேளனம் ஏற்பட்டது. மதிப்பெண் உண்டு. நடுவர்கள் உண்டு.

கம்பம் மரமா, இரும்பா என்பது வேறு விஷயம். இரண்டுக்கும் கால் வேண்டும்.

காலின் வேலை என்ன?

கம்பம் ஏறுவது கையின் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு.

ஏறுகிறவர் முதலில் கம்பத்தை முழங்காலாலும் பாதத்தாலும் கவ்வுகிறார். பிறகு காலை நீட்டி எழுகிறார். உடம்பு மேலே போகிறது. கை அதற்குத் துணை. கால் பிடி தளர்ந்தால் முழு எடையும் கையில் விழும். கை சோர்ந்துபோகும். ஆள் சறுக்குவார்.

உள்தொடை கம்பத்தை இறுக்குகிறது. முன்தொடை காலை நீட்டுகிறது. பின்தொடையும் இடுப்புக்குக் கீழே உள்ள பெரிய சதையும் உடலைத் தாங்குகின்றன. கெண்டைக்கால் சதை பாதத்துக்கு உறுதி தருகிறது.

மல்லர் கம்பத்தில் விளக்கெண்ணெய் வேறு தடவுகிறார்கள். தோல் உராயாமல் இருக்க அது உதவும். ஆனால் பிடி இன்னும் கெட்டியாக வேண்டும்!

ஆகவே, தொடை பலமாக இருப்பது குறை அல்ல. அதுதான் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு. உயரத்தில் தலைகீழாகத் தொங்கும்போது அவளைக் காப்பாற்றுவது அத்தையின் கேலி அல்ல. அவள் தொடைதான்.

மலை சொல்லும் பாடம்

இந்தச் சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் நிறைய உண்டு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். அங்கே வேலை செய்கிற பெண்களைப் பாருங்கள். கூடையோடு சரிவில் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். அவர்கள் கால் எப்படி ஊன்றுகிறது, கவனித்தீர்களா?

அவர்கள் அழகுக்காக ஏறவில்லை. வயிற்றுக்காக ஏறுகிறார்கள். அளவுக்கு மீறி உழைப்பதால் முழங்கால் வலியும் வருகிறது. அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ஒன்று தெரிகிறது. மேடு காலை வளர்க்கும். அளவோடு ஏறினால் நன்மை மட்டும் கிடைக்கும்.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இதுதான். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

மேட்டு நடை: தினம் 20 நிமிஷம் ஏறுங்கள். மலை இல்லாத ஊரில் மாடிப்படி போதும். இறங்கும்போது மெதுவாக வாருங்கள். இறங்குகையில் தொடைச் சதை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அதனால்தான் மறுநாள் வலிக்கிறது. முதல் வாரம் கொஞ்சமாக நடந்து, பிறகு கூட்டுங்கள்.

தோப்புக்கரணம்: பிள்ளையார் கோயிலில் போடுவதுதான்! குதிகால் தரையில் இருக்கட்டும். முழங்கால், பாத விரல் பார்க்கும் பக்கமே போகட்டும். பத்துப் பத்தாக மூன்று தடவை போடுங்கள்.

தலையணை: நாற்காலியில் உட்காருங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணையை வைத்து இறுக்குங்கள். பத்து எண்ணி விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். பத்து முறை போதும். கம்பம் கவ்வும் உள்தொடைக்கு இது நேரான பயிற்சி.

வாசற்படி: படியின் ஓரத்தில் முன்பாதத்தால் நில்லுங்கள். ஒரு கை சுவரில் இருக்கட்டும். குதிகாலை இறக்கி ஏற்றுங்கள். பதினைந்து முறை செய்யலாம்.

நொண்டி, கும்மி: இவை விளையாட்டு, சலிக்காது. நொண்டி அடித்தால் ஒற்றைக் காலுக்குப் பலம் வரும். கும்மியில் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு உழைக்கும். பரதம் பழகுகிறவர்களுக்கு அரைமண்டி இருக்கிறது. அதில் நின்று பார்த்தால் தொடை நடுங்கும். உள்தொடைக்கு நல்ல வேலை!

நடையைத் தினமும் செய்யலாம். மற்றவற்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும். சதை வளர்வது ஓய்வு நாளில்தான். நிலக்கடலை, பயறு, முட்டை, கேழ்வரகு இவற்றில் முடிந்ததைச் சாப்பிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் இதையே சொன்னது. 5 வயது முதல் 17 வயது வரை உள்ளவர்கள் தினம் சராசரி ஒரு மணி நேரம் ஓடி ஆட வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது சதைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும் என்று அது சொல்லவில்லை!

ஏமாறாதீர்கள்

ஜிம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வசதியும் விருப்பமும் உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். அது இல்லாவிட்டால் விளையாட்டே இல்லை என்பதைத்தான் மறுக்கிறேன்.

இன்னொன்று. "தொடைக் கொழுப்பை மட்டும் கரைக்கிறோம்" என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள். ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கரைக்கும் பயிற்சி கிடையாது. பயிற்சி, சதைக்கு உறுதி தரும். மெலிவதும் பருப்பதும் உணவையும் உடல்வாகையும் பொறுத்தவை.

முழங்காலில் சுருக்கென்று குத்தினால் நிறுத்துங்கள். வீங்கினால் டாக்டரிடம் காட்டுங்கள். கம்பத்தை மட்டும் ஆசிரியர் இல்லாமல், மெத்தை இல்லாமல் ஏறவே கூடாது. அங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்.

தாய்மார்களே! பையன் மைதானத்துக்குப் போனால் பெருமைப்படுகிறோம். பெண் போனால் கால் பருக்குமா, கறுக்குமா என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். அவளை ஏற விடுங்கள்!

டீக்கு காசு கொடுத்துவிட்டு எழுந்தேன். தாய் எதிரே இருந்த மேட்டுச் சாலையைப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, ரூமுக்கு ஆட்டோ வேண்டாம். நடந்தே போகலாமா?"

மகள் பதில் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே பாதி மேடு ஏறியிருந்தாள்.