பூநாரையும் லாரியும்

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது புலர்வதற்கு முன்பே நமது நண்பர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "பள்ளிக்கரணையில் பூநாரை இறங்கியிருக்கிறதாம். உடனே புறப்படும், ஐயா!" என்றார். செய்தி முதல் நாள் இரவே அவருடைய கைப்பேசிக்கு வந்துவிட்டதாம்.

பறவை பார்ப்போரிடையே இது ஓர் அருமையான வழக்கம். அபூர்வமான பறவையைக் கண்டவர் அதைத் தமக்குள் ஒளித்து வைத்துக்கொள்வதில்லை. புதையல் கண்டவன் ஊரைக் கூட்டிச் சொல்லும் அதிசயத்தை இந்தக் கூட்டத்தாரிடத்தில்தான் காணலாம்!

பள்ளிக்கரணை சாமானியமான இடமன்று. குப்பை மேட்டுக்கும் மாடி வீடுகளுக்கும் நடுவே உயிர் பிழைத்து, 2022-ஆம் ஆண்டில் ராம்ஸார் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலையாக அங்கீகாரம் பெற்றது. அதன் குறுக்கே செல்லும் துரைப்பாக்கம் - பல்லாவரம் சாலையை நாம் அடைந்தபோது, ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையாக நின்றன. நண்பரும் தமது மோட்டாரைப் பாதி புழுதியிலும் பாதி சாலையிலுமாக நிறுத்தினார்.

தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்தோம். ஆகா, என்ன காட்சி! நெடிய கால்களை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் செலுத்துகின்றன பூநாரைகள். நாக்கு நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்திலுள்ள சல்லடையில் நுண்ணிய ஜீவன்கள் தங்கிவிடுகின்றன. இறகின் செவ்வண்ணமும் அந்த உணவு தந்த வண்ணமே. குஞ்சுகள் சாம்பல் நிறத்தில்தான் பிறக்கின்றன.

அந்தச் சமயத்தில், "அப்பா, நானும் பார்க்கிறேன்!" என்று நண்பரின் பத்து வயதுப் பெண் சாலைப் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பின்னால் ஒரு லாரி அலறிக்கொண்டு வந்து, குழந்தைக்கு இரண்டு முழ தூரத்தில் நின்றது. டிரைவர் கோபிக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொக்கு நாளைக்கும் வரும், ஸார். குழந்தை வருமா?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் நண்பரால் கண்ணாடியைப் பிடிக்க முடியவில்லை. கை அப்படி நடுங்கிற்று.

பிறருக்கு அபாயமோ இடைஞ்சலோ உண்டாகும்படி வண்டியை நிறுத்தலாகாது என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் அபூர்வப் பறவை என்றதும் சட்டமும் மறந்துபோகிறது, பின்னால் வரும் லாரியும் மறந்துபோகிறது.

ஆகையால் நமது யோசனை இது. பறவையைப் பற்றிச் செய்தி அனுப்புகிறவர் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சாலையை விட்டு நன்றாக ஒதுங்கிய இடம் இல்லையேல், தூரத்தில் நிறுத்திவிட்டு நடக்கலாம். இறங்குவது எப்போதும் இடப்புறக் கதவால் இருக்கட்டும். காமிராவையும் பையையும் ஆசனத்தில் வைத்துவிட்டுப் போய்க் கள்வருக்கு ஆசை காட்ட வேண்டாம். கூடு கட்டிய பறவையின் இருப்பிடத்தை மட்டும் எவருக்கும் அறிவிக்காமல் இருப்பதே தர்மம்.

வேடந்தாங்கல் குடியானவர்கள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வெள்ளைச் சிப்பாய்களின் துப்பாக்கியிலிருந்து தங்கள் ஏரிப் பறவைகளைக் காப்பாற்றும்படி கலெக்டரிடம் முறையிட்டு உத்தரவு பெற்றவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் தங்கள் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பட்டணத்தில் படித்தவர்களாகிய நாம் பறவையின் பெயர், இனம், வலசை எல்லாம் அறிந்திருக்கிறோம். வண்டியை நிறுத்தும் இடத்தையும் அறிந்துகொண்டோமானால், பறவையும் பிழைக்கும். அதைப் பார்க்கப் போகும் குழந்தையும் பத்திரமாக வீடு திரும்பும்.