அழிவு இயற்கையே என்னும் வாதம்

புவியில் இதுவரை தோன்றிய உயிரினங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை அற்றொழிந்துவிட்டன என்பது அறிஞர் மதிப்பீடு. ஐந்து பேரழிவுகளின் பின்னரும் உயிர் நிலைத்தது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டி, இன்று உயிரினங்கள் மறைவதும் இயற்கை நிகழ்வே, அதன்பொருட்டுக் கவலை கொள்ளல் வேண்டா என வாதிடுவோர் உளர். கற்றோர் அவையிலும் இவ்வாதம் செல்வாக்குப் பெற்றிருத்தலின், அஃது ஆராயற்பாலது. அதன் தரவுகள் பிழையானவை அல்ல. அவற்றினின்று பெறப்படும் முடிவே பிழையானது.

முதலாவதாக, இவ்வாதம் வேகத்தைக் கணக்கிற் கொள்வதில்லை. இறப்பு இயற்கையானது என்பதனாற் கொள்ளைநோயைப் பொருட்படுத்தாது விடுவார் எவருமிலர். இன்றைய உயிரின மறைவின் வேகம், கடந்த பத்து மில்லியன் ஆண்டுகளின் சராசரியிலும் பல பத்து மடங்கு தொடக்கம் பல நூறு மடங்கு வரை மிகுந்துள்ளதென, உயிர்ப் பல்வகைமை பற்றிய அரசிடை அறிவியல் மன்றம் 2019இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது.

இரண்டாவதாக, 'மீட்சி' என்னும் சொல் ஈண்டு மயக்கந் தருகின்றது. ஏறத்தாழ 252 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், பேர்மியன் காலத்தின் இறுதியிற் சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருகிப் பரந்தது. அது நிலக்கரிப் படைகளையும் எரித்தமைக்குச் சான்றுகள் உள. வெளிப்பட்ட காபனீரொட்சைட்டினாற் கடல் வெப்பமுற்றது. நீரில் ஒட்சிசன் குன்றியது. கடல்வாழ் இனங்களுள் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேற்பட்டவை மாண்டன. உயிர்ச்செல்வம் மீண்டும் பெருகப் பல மில்லியன் ஆண்டுகள் சென்றன. முழு மீட்சிக்குப் பத்து மில்லியன் ஆண்டுகள் வரை ஆயின என்பர். மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. அதன் வாழ்நாள் முழுவதையும்போல் முப்பது மடங்கு காலம் காத்திருந்து பெறும் மீட்சி எவருக்கு ஆறுதலாகும்? மேலும், மாண்டவை மீளவில்லை. திரைலோபைற்றுக்கள் மறைந்தே போயின. பின்னைய கடல்களில் முருகைக்கற்பார்களை அமைத்தவையும் வேறு இனங்களே.

மூன்றாவதாக, 'இயற்கை' என்னும் சொல் காரணத்தை மறைத்துப் பொறுப்பையும் மறைக்கின்றது. எரிமலைக்கோ, 66 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் மெக்சிக்கோவின் யுக்கற்றான் பகுதியில் வீழ்ந்த விண்கல்லுக்கோ சிந்தனை இல்லை. கைத்தொழிற் புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் மில்லியனுக்கு 280 பங்களவில் இருந்த காபனீரொட்சைட்டு, 1958இல் ஹவாய்த் தீவின் மோனா லோவாவில் அளவிடத் தொடங்கியபோது 315 பங்களவாயிருந்தது. 2024இல் 420ஐக் கடந்து நின்றது. இது தானே நிகழ்ந்ததன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவது மனிதர் தெரிவு. அத்தெரிவினாற் பயனடைந்தோரும் துன்புறுவோரும் ஒருவரல்லர்.

இதற்குச் சான்று தேடித் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. இலங்கைக்கே உரிய மரத்தவளைகளுட் பதினைந்துக்கு மேற்பட்ட இனங்கள் அற்றொழிந்தவையாகப் பட்டியலிடப்பட்டுள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் மலைநாட்டுக் காடுகள் அழிக்கப்பட்டமை இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகின்றது. காட்டை வெட்டிய கூலியாள் அதனைத் தீர்மானித்தவனல்லன். இலாபங் கருதிய குடியேற்றவாதப் பெருந்தோட்ட முறையே தீர்மானித்தது. ஆயின் 1853இன் பின்னர் எவருங் காணாதிருந்த தவளையினம் ஒன்று, 2009இற் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் கண்டறியப்பட்டது. எஞ்சிய காடே அதனைக் காத்தது. காடழிந்தமை மனிதர் முடிவெனின், எஞ்சியதைக் காத்தலும் மனிதர் முடிவே.

உயிர் நிலைக்குமா என்பது வினாவன்று. மூவாயிரத்தைந்நூறு மில்லியன் ஆண்டுகளாக நிலைத்துவரும் பற்றீரியா இனியும் நிலைக்கும். எவ்வுயிர்கள் நிலைக்கும், அதனை முடிவு செய்வோர் யாவர் என்பனவே வினாக்கள். அவற்றை எழுப்பாது புவியின் வரலாற்றைக் கற்பதும் கற்பிப்பதும், அவ்வரலாற்றைச் செயலின்மைக்குச் சாட்டாக்குவதாகவே முடியும்.