எத்தனை அங்குலம் உயர்த்தலாம்?

கலிபோர்னியாவில் உத்தியோகம் பார்க்கும் என் ஒன்றுவிட்ட சகோதரியின் புதல்வன் சென்ற வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு சக்கரம் பாறை மேலும் ஒரு சக்கரம் பள்ளத்திலுமாக ஒரு ஜீப் நிற்கிறது. அது அவன் சிநேகிதனுடையது. தன் ஜீப்பையும் அவ்விதமே ஆக்கிவிட வேண்டுமென்பது இவனுடைய மனோரதம். "மாமா, 35 அங்குல டயர் வாங்கிவிட்டேன். வண்டியை 4 அங்குலம் தூக்கலாமென்று இருக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டிருந்தான்.

டயரை வாங்கிய பிறகு அபிப்பிராயம் கேட்பது இந்தக் காலத்து வழக்கம் போலும்! அது போகட்டும். அந்த வண்டியில்தான் அவன் மனைவியும் இரண்டு குழந்தைகளும் தினந்தோறும் போய் வருகிறார்கள். ஆகையால் பதிலைச் சற்று விரிவாகவே எழுதினேன். இதே ஆசையுள்ள பிள்ளைகள் நம் வாசகர்களின் வீடுகளிலும் இருக்கலாமாதலால் அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

அவனுடையது 2007 முதல் 2018 வரை வெளிவந்த 'ஜே.கே.' வகை ராங்ளர். அதிலும் 'ரூபிகான்' என்னும் தினுசு. ஸியரா நெவாடா மலையிலுள்ள பிரசித்தி பெற்ற கரடுமுரடான பாதையின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். முன்னும் பின்னும் ஒரே துண்டான இரும்பு அச்சு. அதன் மேல் சுருள் ஸ்பிரிங்குகள். இவற்றை எடுத்துவிட்டு நீளமான ஸ்பிரிங்குகளைப் போட்டால் உயர்வது வண்டியின் உடல் மாத்திரமே. அச்சின் நடுவே தொங்குகிறதே டிபரென்ஷியல் பெட்டி, அது தரையிலிருந்து ஓர் இம்மியும் உயராது. பாறையில் முதலில் இடிப்பதோ அந்தப் பெட்டிதான்! அதை உயர்த்தக் கூடியது டயர் ஒன்றே. கம்பெனி டயரின் குறுக்களவு ஏறக்குறைய 32 அங்குலம். 35 அங்குல டயர் போட்டால் வித்தியாசத்தில் பாதி, அதாவது ஒன்றரை அங்குலம், அச்சு மேலே வரும்.

அப்படியானால் ஸ்பிரிங்கை உயர்த்துவது எதற்கு? பெரிய டயர் மேலும் கீழும் போய்வரும்போதும், சக்கரத்தை ஒடிக்கும்போதும், மட்கார்டில் உரசாமலிருக்க இடம் வேண்டும். அதற்காகத்தான். இந்த வண்டியில் 35 அங்குல டயருக்கு இரண்டரை அங்குலம் போதும். சக்கரம் எல்லை மீறி மேலே வராமல் தடுக்கும் ரப்பர் கட்டைகளையும் அதற்கேற்ப நீட்டிக்கொள்ள வேண்டும். டயரால் ஒன்றரை, ஸ்பிரிங்கால் இரண்டரை. பையன் ஆசைப்பட்ட 4 அங்குலம் கிடைத்துவிட்டதல்லவா?

அதற்கு மேல் போகும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் வேறு எங்கேயோ விலை கொடுத்தாக வேண்டும். முன் அச்சு பக்கவாட்டில் நகராதபடி பிடித்துக்கொள்ளும் கம்பி ஒன்று உண்டு. ஒரு முனை சட்டத்திலும் மறு முனை அச்சிலும் மாட்டியிருக்கும். சட்டம் உயர்ந்ததும் கம்பி அதிகமாய்ச் சாய்ந்து, அச்சையே ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது. அச்சை முன்பின் தாங்கும் கைகளும் சாய்வதால் அச்சு சிறிது உருண்டு, முன் சக்கரங்கள் தாமாகவே நேருக்குத் திரும்பும் குணத்தை இழக்கின்றன. வண்டி நேர்சாலையில் அலைபாயும். இதோடு அந்தக் கம்பியின் மூட்டுகளும் தேய்ந்திருந்தால், வேகமாகப் போகையில் ஒரு சிறு குழியில் இறங்கியதுமே முன் அச்சு முழுவதும் உதறத் தொடங்கும். அதை ஒரு தரம் அனுபவித்தவர்கள் பிறகு அங்குலக் கணக்கைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். இரண்டரை அங்குலத்தோடு நின்றால் நீளம் மாற்றக்கூடிய கம்பியும், கைகளின் கோணத்தைத் திருத்தும் தாங்கிகளும் போட்டுச் சமாளித்துவிடலாம். 4 அங்குலமென்றால் கைகள், புரொபெல்லர் ஷாப்ட், பிரேக் குழாய்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே போக நேரும்.

ஸ்பிரிங்கின் அடியில் வெறும் வட்டக் கட்டை வைத்து உயர்த்தும் மலிவான யுக்தியும் உண்டு. அதை நான் முற்றிலும் பழிக்கமாட்டேன். பழைய ஸ்பிரிங்கே இருப்பதால் சவாரி சுகம் மாறாது. ஆனால் இரும்பு பம்பர், விஞ்ச், கூரைமேல் கூடாரம் என்று பாரம் ஏற்றுகிறவர்கள் அந்தப் பாரத்துக்கேற்ற ஸ்பிரிங்கைத்தான் தேட வேண்டும். பாரமில்லாத வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங் போட்டால் குழந்தைகளின் எலும்புதான் எண்ணப்படும். ஷாக் அப்ஸார்பரும் புதிய உயரத்துக்கேற்ற நீளத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் அச்சு தொங்கும்போது அதுவே முழுப் பளுவையும் தாங்கிப் பிய்ந்துபோகும்.

பெரிய டயரால் பல்சக்கர விகிதம் 4.10 இருந்தது 3.75 போல மந்தமாகிவிடும், 4.56 போட்டால் பழைய சுறுசுறுப்பு திரும்பும். மணிக்கு 60 மைல் என்று கடிகாரம் காட்டும்போது உண்மையில் 65க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். வண்டியின் கணினிக்குப் புது டயரின் அளவைச் சொல்லிக்கொடுப்பது அவசியம். கனமான டயரை நிறுத்த பிரேக்குக்கும் அதிக தூரம் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிது கவிழும் அபாயம். இரு சக்கரங்களுக்கு இடையிலுள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் பாரமையம் இருக்கும் உயரத்தால் வகுத்துப் பார்ப்பது இதற்கு ஒரு கணக்கு. அமெரிக்க அரசாங்கத்தார் 2001 முதல் கவிழும் அபாயத்துக்கு நட்சத்திரம் கொடுக்க இதைக் கையாள்கிறார்கள். உயரம் கூடக் கூட விடை குறைந்துகொண்டே வரும். பாறையில் மெள்ள ஊர்பவனுக்கு இது பெரிதாகத் தோன்றாது. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டதென்று வளைவில் விரைபவனுக்கு இதுவே முதல் கணக்கு.

நம் தேசத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே கம்பெனியார் பதிவு செய்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. ஆகவே ஸ்பிரிங் விலையை விசாரிக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரிப்பது உத்தமம்.

நேற்று பையனிடமிருந்து பதில் வந்தது. இரண்டரை அங்குல ஸ்பிரிங்குகளுக்கே ஆர்டர் கொடுத்துவிட்டானாம். அடுத்த மாதம் அவன் தாயார் அங்கே போகிறாள். "நான் அதில் எப்படியடா ஏறுவேன்?" என்று அவள் கேட்டாளாம். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கால்படிகளும் வாங்கியிருக்கிறான்.