தரங்கம்பாடியின் காலண்டர்: ஒரு சின்ன ஊரின் வரலாற்று நிகழ்வுகளில் அந்த ஊர்க்காரர்கள் எங்கே?

லாங் வீக்கெண்ட் வந்தால் தரங்கம்பாடிக்கு ஒரு டிரிப், கோட்டை முன்னாடி ஒரு செல்ஃபி, கடற்கரையில் ஒரு ரீல். இன்ஸ்டாவில் இந்த ஊரை இப்படித்தான் நாம் பார்க்கிறோம். ஆனால், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சின்னப் பேரூருக்கு ஒரு வருடாந்திர வரலாற்றுக் காலண்டரே இருக்கிறது. அருங்காட்சியக தினம், நினைவு நாள், மரபு வாரம், அஞ்சலி என்று ஆண்டு முழுக்க ஏதோ ஒன்று வருகிறது.

என்னென்ன நாட்கள்? ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்ன கதை? அதில் யாருடைய கதை விடுபடுகிறது? பார்ப்போம்.

முதலில், இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

1620-ல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கருக்கும் டென்மார்க்குக்கும் இடையே ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி டேனிஷ்காரர்கள் இங்கே வணிகம் செய்யவும் கோட்டை கட்டவும் அனுமதி கிடைத்தது. அப்படி எழுந்ததுதான் டேன்ஸ்போர்க் கோட்டை. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் அவர்கள் கையில் இருந்த ஊரை, 1845-ல் பிரிட்டிஷாரிடம் விற்றார்கள்.

ஆனால், ஊரின் கதை அங்கே தொடங்கவில்லை. கடலோரம் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், 14-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அந்தக் காலத்தில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. டேனிஷ் கப்பல் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இது ஊராக இருந்திருக்கிறது. கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுபோனது. மிச்சமிருந்தது பிறகு புதுப்பிக்கப்பட்டது.

காலண்டரில் என்னென்ன நாட்கள்?

- மே 18, சர்வதேச அருங்காட்சியக தினம்: கோட்டைக்குள் மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. சீகன்பால்க் வாழ்ந்த வீடும் 2017 முதல் அருங்காட்சியகமாக இயங்குகிறது.
- ஜூலை 9, சீகன்பால்க் வந்த நாள்: ஜெர்மானிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706-ல் இங்கே கரையிறங்கிய நாள். திருச்சபையினர் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள்.
- நவம்பர் 19 - 25, உலக மரபு வாரம்: தொல்லியல் துறைகள் கண்காட்சி, மாணவர்களுக்கான போட்டி போன்றவற்றை நடத்தும் வாரம். 1620 ஒப்பந்தமும் நவம்பர் மாதத்தில்தான் கையெழுத்தானது.
- டிசம்பர் 26, சுனாமி நினைவு நாள்: கடலோரத்தில் அஞ்சலி செலுத்தப்படும் நாள். இதை யாரும் 'ஈவென்ட்' என்று சொல்வதில்லை. ஆனால், ஊரே சேர்ந்து வரலாற்றை நினைக்கும் நாள் இதுதான்.

ஜூலை 9-ல் கொண்டாட என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சீகன்பால்க் இங்கே வந்து தமிழ் கற்றார். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியவர் என்று சொல்லப்படுகிறது. ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708-ல் அவற்றுக்கு ஒரு பட்டியலே தயாரித்தார். பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இங்கே வந்த அச்சு இயந்திரத்தில் அவர் மொழிபெயர்த்த தமிழ் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சாகி முடிந்தது.

ஒரு சின்ன திருத்தம். "இந்தியாவில் முதல் தமிழ்ப் புத்தகம் தரங்கம்பாடியில்தான் அச்சானது" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்தால் நம்ப வேண்டாம். 'தம்பிரான் வணக்கம்' 1578-லேயே கொல்லத்தில் அச்சாகிவிட்டது. இங்கே நடந்தது தமிழ் அச்சின் அடுத்த பெரிய கட்டம். அதுவே பெரிய விஷயம்தான்.

அப்போ என்ன பிரச்னை?

சீகன்பால்குக்குத் தமிழ் தானாக வந்துவிடவில்லை. அழகப்பன் என்ற தமிழர் அவருக்கு மொழி சொல்லிக்கொடுத்தார். சுவடிகளைத் தேடித் தந்தவர்கள், படி எடுத்தவர்கள் எல்லாம் உள்ளூர்க்காரர்கள்.

இன்னொரு உதாரணம், 'மலபார் கடிதங்கள்'. சமயம், சாதி, பழக்கவழக்கம் பற்றி மிஷனரிகள் கேள்வி அனுப்ப, தமிழர்கள் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்கள் ஜெர்மனுக்குப் போய், ஹாலே நகரில் அச்சாயின. 300 ஆண்டுகளுக்கு முன் சாதாரணத் தமிழர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசிய அரிய ஆவணம் அது. ஆனால், பெரும்பாலும் எழுதியவர்களின் பெயர் இல்லை. கேள்வி கேட்டவருக்கு நினைவு நாள் இருக்கிறது. பதில் சொன்னவர்களுக்கு இல்லை.

கட்டடங்களிலும் இதே நிலைதான். டென்மார்க் தேசிய அருங்காட்சியகம், இன்டாக் போன்ற அமைப்புகள் பழைய கட்டடங்கள் சிலவற்றைச் சீரமைத்தன. அது இல்லையென்றால் இன்று பார்க்கவே சில இடங்கள் மிஞ்சியிருக்காது. அதே சமயம், அந்தப் பணிகள் பெரும்பாலும் கோட்டை, ஆளுநர் மாளிகை, ராஜா வீதி என்று டேனிஷ் ஊரைச் சுற்றியே இருந்தன.

2004 சுனாமியில், தரங்கம்பாடி அப்போது இருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தமிழகத்திலேயே அதிக பாதிப்பு அங்கேதான். அதன் பிறகு பல மீனவக் குடும்பங்கள் கடலிலிருந்து தள்ளிக் கட்டப்பட்ட குடியிருப்புகளுக்கு மாறின. கடலோரத்தில் நின்ற பழைய தெருக்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிக்கொண்டே இருக்கிறது. கோட்டைச் சுவர் இடிந்தால் படம் பார்த்துத் திரும்பக் கட்டலாம். இந்த நினைவு போனால் போனதுதான்.

என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் நாட்களிலேயே இடம் கொடுக்கலாம்.

ஜூலை 9-ல் அழகப்பனுக்கும் ஒரு அமர்வு வைக்கலாம். 'மலபார் கடிதங்கள்' சிலவற்றைத் தமிழில் சத்தமாக வாசிக்கலாம். மரபு வாரத்தில் பள்ளி மாணவர்களுக்குக் கோட்டையை வரையச் சொல்லும் போட்டியோடு, பாட்டி, தாத்தாவிடம் பழைய ஊரைப் பற்றிக் கேட்டு மொபைலில் பதிவு செய்யும் வேலையும் தரலாம். மரபு நடையை மீனவர் தெருவில் தொடங்கி, கோயில் வழியாகக் கோட்டையில் முடிக்கலாம். வழிகாட்டியாக ஊர்க்காரர் ஒருவரே இருக்கலாம்.

நாம போனா என்ன கவனிக்கணும்?

மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கி பஸ் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஊருக்குள் போய்விடலாம். முன்பு தரங்கம்பாடி வரைக்குமே ரயில் ஓடியது. 1980-களில் நின்றுபோனது. நிகழ்ச்சி விவரங்கள் பெரும்பாலும் கடைசி நேரத்தில்தான் வெளியாகும். அதனால் கிளம்பும் முன் மாவட்ட நிர்வாகம், சுற்றுலாத் துறையின் சமூக வலைதளப் பக்கங்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அங்கே போன பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள். மேடையில் ஊர்க்காரர் யாராவது பேசுகிறாரா? விளக்கம் எல்லாம் தமிழில் இருக்கிறதா? பார்வையாளர் வரிசையில் உள்ளூர்ப் பிள்ளைகள் இருக்கிறார்களா?

மூன்றுக்கும் 'ஆமா' என்றால், அது ஊரின் விழா. இல்லையென்றால், அது ஊரில் நடக்கும் விழா, அவ்வளவுதான். தரங்கம்பாடி மட்டுமில்லை, அடுத்த முறை உங்கள் சொந்த ஊரில் 'பாரம்பரிய விழா' பேனர் கண்ணில் பட்டாலும் இதே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.