ஓஷ்கோஷில் கண்ட எடைத்தாள்

மாணவ நண்பர்களே, கார் நிறுத்தும் கொட்டகையில் சொந்தக் கையால் விமானம் கட்டி, அதில் தாமே ஏறிப் பறப்பவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னால் உங்களில் பலர் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவன்தான். 2022 ஜூலையில் மில்வாக்கி நகரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மாப்பிள்ளை விமானப் பைத்தியம். "அத்தான், நீங்கள் இயற்பியல் வாத்தியார், இதைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது" என்று என்னை ஓஷ்கோஷ் என்னும் ஊருக்கு இழுத்துப் போனார். அங்கே கண்டவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அது விமானமன்று, ஒரு தாள்.

முதலில் ஊரைப் பற்றி. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது ஓஷ்கோஷ். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் ஒரு வாரம் அங்கே சிறு விமானக்காரர்கள் பறந்து வந்து கூடுகிறார்கள். பால் போபெரெஸ்னி என்னும் விமானி 1953இல் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம்தான் இந்த விழாவை நடத்துகிறது. முதலில் மில்வாக்கியிலும், பிறகு இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டிலும் நடந்த விழா 1970இல் ஓஷ்கோஷுக்கு வந்தது. இப்போது பத்தாயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களும் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களும் அந்த வாரத்தில் அங்கே வந்து போகிறார்கள். விமானி தன் விமானத்தின் இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் அடித்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிறார். நம் ஊர்த் தேர்த் திருவிழாவில் மாட்டு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார்களே, அதே காட்சி!

இத்தனை விமானங்களும் எப்படி மோதாமல் இறங்குகின்றன என்று கேட்பீர்கள். ரிப்பான் என்னும் ஊரிலிருந்து ஃபிஸ்க் என்னும் சிற்றூர் வரை ஒரு ரயில் பாதை ஓடுகிறது. சிறு விமானங்கள் அந்தத் தண்டவாளத்துக்கு மேலாக, ஒன்றன் பின் ஒன்றாக, அரை மைல் இடைவெளி விட்டு, 90 நாட் வேகத்தில் வர வேண்டும். அதாவது மணிக்கு 167 கிலோமீட்டர். அரை மைலைக் கடக்க எத்தனை வினாடி ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள், சுமார் 17 வினாடி வரும். ஃபிஸ்கில் கட்டுப்பாட்டாளர்கள் வெட்டவெளியில் நின்று பைனாகுலரால் பார்த்து, நிறத்தையும் வடிவத்தையும் சொல்லியே வானொலியில் அழைக்கிறார்கள். விமானி வாய் திறந்து பதில் சொல்வதில்லை. இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுகிறார், நாம் தலையாட்டுவதைப் போல. ஓடுபாதையில் பெரிய வண்ணப் பொட்டுகள் இருக்கும். இன்ன நிறப் பொட்டில் இறங்கு என்று கட்டளை வரும், அந்தப் பொட்டிலேயே இறங்க வேண்டும்.

பிற்பகலில் நடக்கும் வான வேடிக்கையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. குட்டிக்கரணம், புகைக்கோடு, காது கிழியும் ஜெட் ஓசை எல்லாம் உண்டு. பார்க்க நன்றாகவே இருந்தன. எனக்குப் பிடித்த இடம், வீட்டில் கட்டிய விமானங்கள் வரிசையாக நின்ற புல்தரை. அந்த ஆண்டு ஆயிரத்துக்கு மேல் நின்றன.

அவற்றின் கதவோரத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்னும் சொல் எழுதப்பட்டிருக்கிறது. பரிசோதனைக்கு உரியது என்று பொருள். சட்டப்படி அந்த எழுத்து இரண்டு அங்குல உயரத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்கச் சட்டம் சாதாரண மனிதர் ஒருவரை விமானம் கட்ட அனுமதிப்பதற்குக் கூறும் காரணம் எனக்கு வியப்பாக இருந்தது. விமானத்தின் பெரும் பகுதியை, தம் சொந்தக் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டும் கட்டியவராக அவர் இருக்க வேண்டுமாம். கல்விக்காக! ஒரு மனிதர் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ரிவெட் ஆணிகளை ஒவ்வொன்றாக அடித்து முடிப்பதைச் சட்டம் 'கற்றல்' என்று அழைக்கிறது.

ஒரு வெள்ளை உலோக விமானத்தின் அருகே மடக்கு நாற்காலியில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எட்டு ஆண்டு உழைத்துக் கட்டிய விமானம். நான் இயற்பியல் ஆசிரியன் என்றதும் ஒரு கனத்த கோப்பை எடுத்து மடியில் வைத்தார். அதில் எடைத்தாள் என்று ஒன்று இருந்தது. முதல் தாளின் எண்களுக்குக் குறுக்கே ஒரே ஒரு மெல்லிய கோடு. அடித்த எண்களை இப்போதும் படிக்கலாம். ஓரத்தில், 'மூக்கு தாழ்ந்திருந்தது, மட்டம் பார்க்கவில்லை, தவறு' என்று எழுதித் தேதியும் போட்டிருந்தார். அடுத்த தாளில் மறுபடியும் எடை.

இது என்ன கணக்கு என்று பார்ப்போம். விமானத்தை மட்டமாக நிறுத்தி, மூன்று சக்கரங்களுக்கும் அடியில் மூன்று தராசுகளை வைக்கிறார்கள். முன் சக்கரம் 80 கிலோ, பின்னால் உள்ள இரு சக்கரங்களும் ஆளுக்கு 140 கிலோ காட்டுகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 360. பின் சக்கரங்கள் முன் சக்கரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி இருக்கின்றன. நீங்கள் வகுப்பில் படித்த நெம்புகோல் தத்துவம்தான்: 280ஐ 1.5ஆல் பெருக்கி 360ஆல் வகுத்தால் 1.17 மீட்டர். ஈர்ப்பு மையம் அங்கே இருக்கிறது. இப்போது முன் சக்கரத்திலிருந்து 2.4 மீட்டர் பின்னால் ஒரு 20 கிலோ பெட்டியை வையுங்கள். மையம் 1.23 மீட்டருக்குப் போய்விடும். ஒரு பெட்டி ஆறு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்திவிட்டது! இந்த வகைச் சிறு விமானங்களில் ஈர்ப்பு மையம் நகரலாம் என்று அனுமதிக்கப்பட்ட இடமே ஏறத்தாழ ஒரு சாண்தான். அதற்கும் பின்னால் போனால், மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும்போது அதைக் கீழே இறக்கும் வலிமை வாலுக்குப் போதாது.

முதியவரின் முதல் எடையில் மூக்கு தாழ்ந்து நின்றதால் மையம் இருக்கும் இடத்தைவிட முன்னால் இருப்பதாகக் கணக்கு காட்டியது. மொத்த எடை மாறவில்லை, தராசிலும் பிழையில்லை. கிடைத்த விடையும் அவர் விரும்பிய விடைதான். மட்டம் பார்த்து மறுபடி எடை போட்டபோது மையம் பின்னால் போயிருந்தது. இருக்கைக்குப் பின்னே இருந்த மின்கலத்தைக் கழற்றி எஞ்சின் பக்கம் கொண்டுவந்து பொருத்த வேண்டியதாயிற்று. "இரண்டு வாரம் வீணாயிற்று" என்று சலித்துக்கொண்டார்.

மாணவர்களே, அந்தக் கோட்டைப் பார்த்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரிக்குச் செய்முறைத் தேர்வுக்குத் தேர்வாளனாகப் போயிருந்தேன். தனி ஊசலைக் கொண்டு ஈர்ப்பு முடுக்கம் காணும் சோதனை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் 978, 980, 981 என்று விடை வந்திருந்தது. ஒரு பெண்ணுக்கு மட்டும் 939இல் தொடங்கி, ஊசலின் நீளம் கூடக் கூட ஏறி, 958இல் முடிந்திருந்தது. "ஏம்மா, இப்படியா வரும்?" என்றேன். "சார், எனக்கு இதுதான் வந்தது" என்றாள். 'கவனக்குறைவு' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்தேன். மற்றவர்கள் விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ற அலைவு நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நானும் மாணவனாக அதைச் செய்தவன்தான்.

அவள் குண்டின் மையம் வரை அளக்காமல் கொக்கி வரை மட்டும் அளந்திருக்கிறாள். ஒவ்வொரு நீளத்திலும் அதே இரண்டு சென்டிமீட்டர் குறைவு. 50 சென்டிமீட்டரில் இரண்டு குறைந்தால் நூற்றுக்கு நான்கு பங்கு பிழை. 100 சென்டிமீட்டரில் இரண்டு பங்குதான். ஆகவேதான் விடை ஏறிக்கொண்டே போயிற்று. அதாவது அவளுடைய அட்டவணையில் பிழையும் இருந்தது, பிழைக்கான காரணமும் இருந்தது. படிக்க வேண்டியவன் நான், படிக்கவில்லை.

ரைட் சகோதரர்களும் ஒருமுறை இதே இடத்தில் நின்றார்கள். 1901இல் அவர்கள் செய்த மிதவை விமானம் கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றில் ஒரு பங்கு அளவே தந்தது. கணக்கில் பயன்பட்ட ஸ்மீட்டன் எண் 18ஆம் நூற்றாண்டிலிருந்து பொறியாளர்கள் கையாண்டு வந்தது, மதிப்பு 0.005. சைக்கிள் கடைக்காரர்கள் இருவர் அதைச் சந்தேகிப்பதா? சந்தேகித்தார்கள். ஆறடி நீள மரப்பெட்டியில் காற்றுச் சுரங்கம் செய்து சிறு சிறு இறக்கை வடிவங்களைச் சோதித்தார்கள். அந்த எண் 0.0033க்கு அருகில்தான் இருக்க வேண்டும் என்று கண்டார்கள். தம் அளவீட்டைப் புத்தக எண்ணுக்கு ஒத்துப்போகும்படி திருத்தியிருந்தால் 1903 டிசம்பரில் கிட்டி ஹாக்கில் பறந்திருக்க மாட்டார்கள்.

ஓஷ்கோஷ்காரர்கள் எல்லோரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் கட்டிய விமானங்களில் விபத்து மற்றச் சிறு விமானங்களைவிட அதிகம். ஆகவேதான் பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் பயணி யாரையும் ஏற்றாமல், குறித்த எல்லைக்குள் பறந்து சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஜான் டென்வர் என்ற புகழ்பெற்ற பாடகர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியக் கடலோரம் இறந்தது இத்தகைய விமானத்தில்தான். பர்ட் ருட்டன் வரைந்த லாங்-ஈஸி என்னும் நல்ல வடிவம் அது. ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு எரிபொருளை மாற்றும் கைப்பிடியை வரைபடம் காட்டிய இடத்தில் வைக்காமல், கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். டென்வர் அந்த விமானத்தைப் பழையதாக வாங்கி அதிக நாள் ஆகவில்லை. எரிபொருள் குறைந்தபோது கைப்பிடிக்காக உடலைத் திருப்பியதில் கட்டுப்பாடு தவறியது என்பது விசாரணையின் முடிவு. எரிபொருள் காட்டும் குழாயிலும் அளவுக் குறிகள் இல்லை. இதைப் படித்தபோது, குறியிடாத அளவுகோல் என்பது எவ்வளவு சாதாரணமாகத் தோன்றும் தவறு என்று நினைத்துக்கொண்டேன். நம் சோதனைச் சாலைகளில் அத்தகைய அளவுகோல்கள் இல்லையா?

அந்தச் சங்கத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அனுபவமுள்ள உறுப்பினர்கள், கட்டுகிறவரின் கொட்டகைக்கே போய், கூலி வாங்காமல் வேலையைப் பார்த்து யோசனை சொல்கிறார்கள். அவர்கள் தண்டிப்பதில்லை, மதிப்பெண் போடுவதும் இல்லை. ஆகவே கட்டுகிறவர் தவறாகத் துளைத்த துளையைத் தாமே விரலால் காட்டுகிறார்.

நம் செய்முறை வகுப்பிலும் இதில் பாதியையாவது செய்யலாம் என்பது என் கருத்து. ரெக்கார்டு நோட்டில் முதல் அளவீட்டை மையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. விடை புத்தக எண்ணோடு ஒத்துப்போவதற்கு மதிப்பெண் தராமல், ஒத்துப்போகாததற்குக் காரணம் தேடியதற்குத் தர வேண்டும். மூன்று மணி நேரத்தில் முப்பது மாணவர்களைச் சோதிக்கும் தேர்வாளருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் வகுப்பில் இரண்டு ஆண்டாக இதைச் செய்து பார்க்கிறேன். திருத்த இரு மடங்கு நேரம் ஆகிறது. 980 என்று எழுதுபவர்கள் குறைந்திருக்கிறார்கள், மறையவில்லை.

நீங்கள் வீட்டில் செய்ய ஒரு சோதனை சொல்கிறேன். எலுமிச்சை அளவுள்ள கல் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். நூலின் நீளத்தை முடிச்சு வரை மட்டும் அளந்துகொள்ளுங்கள். 40, 55, 70, 85, 100 சென்டிமீட்டர் என ஐந்து நீளங்களுக்கு, கொஞ்சமாக ஆட்டிவிட்டு, 20 அலைவுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். ஓர் அலைவின் நேரத்தை வர்க்கமாக்கிக் கிடைக்கோட்டிலும், நூலின் நீளத்தை நிலைக்கோட்டிலும் குறித்து, புள்ளிகளின் ஊடே ஒரு நேர்க்கோடு வரையுங்கள். கோட்டின் சாய்வை 39.5ஆல் பெருக்கினால் ஈர்ப்பு முடுக்கம் கிடைக்கும். பிறகு கோட்டை இடப்புறமாக நீட்டுங்கள். அது நிலைக்கோட்டைச் சுழிக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டரில் வெட்டுகிறது என்று பாருங்கள். அதன் பின் முடிச்சிலிருந்து கல்லின் நடு வரை எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.