நிகழ்நிலைக் கற்றலும் கிணற்றடிச் செயற்றிட்டமும்

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாம் கைக்கொண்ட நிகழ்நிலைக் கற்பித்தல், பெரும்பாலும் கரும்பலகையைக் கைப்பேசித் திரைக்கு இடம் மாற்றியதாகவே அமைந்தது. குறிப்புகள் வட்ஸ்அப்பில் வந்தன, மாணவர் பார்த்தெழுதினர். 2021இல் சமிக்ஞை தேடி மலைப்பாறையில் ஏறிய பதுளை மாவட்டப் பிள்ளைகளுக்குக் கிட்டியவையும் தரவிறக்கிய பாடங்களே.

தரம் 6 முதல் 9 வரையான மாணவர்கள் புலமைப்பரிசிலுக்கும் சாதாரண தரத்துக்கும் இடைப்பட்டவர்கள். பொதுப் பரீட்சை நெருக்காத இப்பருவமே செயற்றிட்டவழிக் கற்றலுக்கு உகந்தது. யாழ்ப்பாணக் குடாநாடும் கற்பிட்டியும் நிலத்தடி நீரைப் பெரிதும் நம்பியுள்ளன. தோட்டப் பசளையின் நைத்திரேற்று இரு இடத்துக் கிணறுகளிலும் கலந்துள்ளதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவ்விரு பிரதேச மாணவரும் பெரியோர் துணையுடன் வாரந்தோறும் வீட்டுக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு கொண்டு அளந்து, மாரிக்கு முன்னும் பின்னுமான வேறுபாட்டை இணையவழி பகிர்ந்து விவாதிப்பார்களாயின், விஞ்ஞானம், கணிதம், புவியியல் மூன்றும் அதனுள் அடங்கும். குழுவொன்றுக்கு ஒரு கைப்பேசியும் வாரத்தில் சில நிமிடங்களும் இதற்குப் போதும். மணிக்கணக்கில் நீளும் நேரலை வகுப்போ வறிய பிள்ளைக்கு எட்டாக்கனி.

ஆயினும், ஒப்படைகளைப் பெற்றோரே செய்து கொடுப்பது ஊரறிந்த இரகசியம். இணையத்தில் படியெடுத்து ஒட்டிய அழகிய கோப்புக்குப் புள்ளி வழங்கும் வழக்கம் தொடருமானால் இதுவும் அக்கதியையே அடையும். மாணவர் தாமே அளந்த அளவீடுகளுக்கும், அவற்றை வாய்மொழியாக விளக்கும் திறனுக்குமே புள்ளி வழங்கப்பட வேண்டும். வலயக் கல்விப் பணிமனைகள் அடுத்த மாரிக்கு முன்னரே சில பாடசாலைகளிலாவது இதனை ஆரம்பிக்கலாம்.