பாட்டியின் குரல், உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்!

ஐரிஷ் மொழியை வெளிநாட்டில் இருந்துகொண்டே கற்க 2014 முதல் டியோலிங்கோவில் இலவசப் பாடம் இருக்கிறது. எங்கள் நீலகிரியின் படுகு மொழிக்கு அங்கே இடமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதைப் பேசுவோர் சுமார் 1,33,000 பேர்தான். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் நான், வீட்டு மொழியை இப்போதுதான் கற்கிறேன்.

தமிழருக்குத் தொடக்கம் எளிது. நம் 'பால்' அங்கே 'ஹாலு', 'பத்து' அங்கே 'ஹத்து'. சிக்கல் டைப் செய்யும்போதுதான். படுகுக்குத் தனி எழுத்து இல்லை. தமிழில் அடித்தால், 'க' என்பதை வல்லோசையாகச் சொல்வதா, மெல்ல ஒலிப்பதா என்று ஃபைலைப் பார்த்துத் தெரியாது. நாக்கை மடித்து ஒலிக்கும் உயிரொலிகளும் இதில் உண்டு என்று மொழியியலாளர் எமனோ 1939-ல் எழுதினார். இன்று பலர் பேச்சில் அவை இல்லை. 1992-ல் வந்த படுகு-ஆங்கில அகராதி நல்ல அகராதிதான், ஆனால் அது பேசாதே!

ஆகவே ஆப் வரட்டும், ஃபாண்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம் என்பேன். கம்ப்யூட்டரில் ஒரு மைக்கைச் செருகுங்கள். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியை நிறுவுங்கள். பாட்டியிடம் சம்மதம் கேட்டு, ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். சொற்பட்டியலை வாசிக்கச் சொன்னால் பள்ளிக்கூடக் குரல்தான் வரும். ஹெத்தை விழாவையோ தேயிலைத் தோட்டத்தையோ பற்றிக் கேளுங்கள், பேச்சு தானாக ஓடும். மதுரையில் சௌராஷ்டிரம் பேசும் வீட்டுக்கும் இதே வழிதான்.

வேவ் ஃபைலாகச் சேமித்து, பெயரில் ஊரையும் தேதியையும் சேருங்கள். இன்னொரு காப்பி பென் டிரைவில் இருக்கட்டும். என் பாட்டிக்கு 84 வயது. இதுவரை நாலு மணி நேரம் பதிவாகியிருக்கிறது.